ஒரே கரும்பை நம்பிய நாடு

உத்தரப் பிரதேசத்தில் 2020-ஆம் ஆண்டை ஒட்டிய பருவங்களில், கரும்பு நின்ற ஒவ்வொரு ஐந்து ஏக்கரிலும் நான்கு ஏக்கருக்கு மேல் ஒரே ரகம்தான் நின்றது. அதன் பெயர் கோ 0238. 'கோ' என்பது கோயம்புத்தூர். 02 என்பது 2002. அந்த ஆண்டின் வரிசையில் 38-ஆம் எண்ணைப் பெற்ற நாற்று அது. கங்கைச் சமவெளியின் கரும்பாலைகள் பல ஆண்டுகள் பெரும்பாலும் அந்த நாற்றின் சாற்றைத்தான் காய்ச்சின.

இந்தியச் சர்க்கரைத் தொழிலைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பேசப்படுவது விலை, ஏற்றுமதி, நிலுவை, எத்தனால். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விதைக்கரணை கிடக்கிறது. அந்தக் கரணை எங்கே பிறந்தது, எப்படிப் பரவியது, ஏன் வீழ்ந்தது என்று பின்தொடர்ந்தால் இத்தொழிலின் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரியும். கோ 0238-இன் வாழ்க்கையை எழுதுவது அதற்காகத்தான்.

மூதாதையர்

இந்தக் கரும்பின் குடும்பக் கதை ஒரு நோயிலிருந்து தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோதாவரி டெல்டாவின் கரும்புத் தோட்டங்களைச் செவ்வழுகல் நோய் அழித்தது. அதை ஆராய வந்தவர்களில் சென்னை மாகாண அரசின் தாவரவியலாளர் சி.ஏ. பார்பர் ஒருவர். நோயைத் தாங்கும் கரும்பு வேண்டும் என்ற தேடல் அங்கே பிறந்தது. கூடவே இன்னொரு தேவையும் இருந்தது. பஞ்சாப், ஐக்கிய மாகாணம், பீகார் எங்கும் விளைந்தது மெலிந்த நாட்டுக் கரும்பு. குளிரைத் தாங்கும், ஆனால் சாறு குறைவு. தெற்கின் தடித்த கரும்பு சாறு நிறைந்தது, ஆனால் வடக்கின் பனியில் நிற்காது. ஜாவாத் தீவின் வெள்ளைச் சர்க்கரை கப்பல் கப்பலாக வந்து இந்தியச் சந்தையை நிரப்பிக்கொண்டிருந்தது.

1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். கரும்பு அங்கே பூக்கும், பூத்து விதையும் பிடிக்கும். வடக்கில் பல இடங்களில் கரும்பு பூப்பதே அரிது. பூத்தாலும் விதை முளைக்காது. வடக்கின் வயல்களுக்கு வேண்டிய கரும்பு தெற்கே பிறந்தது இதனால்தான்.

பார்பரும் அவருக்குத் துணையாக இருந்து பின்னர் நிலையத்தின் தலைமையை ஏற்ற டி.எஸ். வெங்கடராமனும் துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள். 'வெள்ளை' என்ற தடித்த கரும்போடு, ஆற்றங்கரையில் நாணலைப்போல் தானாக வளரும் காட்டுக்கரும்பைக் கலந்தார்கள். காட்டுக்கரும்பில் இனிப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. உழவர்களுக்கு அது களை. ஆனால் வறட்சி, வெள்ளம், குளிர், நோய் எதற்கும் அது அசையாது. அந்தக் கலப்பில் பிறந்ததுதான் கோ 205. 1918-இல் வெளியிடப்பட்ட அந்த ரகம் பஞ்சாப் வயல்களில் நாட்டுக் கரும்பைவிடப் பாதியளவு கூடுதலாக விளைந்தது. உலகில் வணிகப் பயிராக வெற்றிபெற்ற முதல் இனக்கலப்புக் கரும்புகளில் அது ஒன்று. 1930-களில் இதே நிலையத்தில் பணியாற்றிய இ.கே. ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்து, கரும்பையும் அதன் காட்டு உறவுகளையும் எப்படி இணைக்கலாம் என்பதற்கு அறிவியல் அடித்தளம் போட்டார்.

ஒரு ரகம் பிறக்கும் விதம்

கரும்பு ரகம் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது விளங்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் கோவையில் கரும்பின் நுனியில் வெள்ளிநிறக் கதிர் வெளிவரும். தாயாகத் தேர்ந்த கதிரை மற்ற மகரந்தம் படாமல் துணிக்கூட்டால் மூடிவிடுகிறார்கள். தந்தையாகத் தேர்ந்த கதிரை வெட்டி வந்து விடியற்காலையில் அதன்மேல் தட்டுகிறார்கள். சில நாட்கள் தொடர்ந்து இது நடக்கும். ஒரு மாதம் போல் ஆனதும் கதிரில் பஞ்சு உதிரத் தயாராகும். அந்தப் பஞ்சுக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக விதை இருக்கிறது. மணலும் மக்கிய எருவும் கலந்த தட்டில் பஞ்சைப் பரப்பி நீர் தெளித்தால் சில நாட்களில் பச்சைப் புல்லாக முளைக்கும்.

அந்தத் தட்டில் முளைக்கும் ஒவ்வொரு புல்லும் தனி. ஒரே தாய், ஒரே தந்தை என்றாலும் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. ஒன்று தடிக்கும், ஒன்று மெலியும், ஒன்று இனிக்கும், ஒன்று முதல் ஆண்டிலேயே நோயில் சாகும். ஆயிரக்கணக்கான நாற்றுகளை வயலில் நட்டு, இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டரில் சாறு விட்டுப் பார்த்து, நோய்க்கிருமியை வேண்டுமென்றே செலுத்திச் சோதித்து, வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பில் எப்படி வருகிறது என்று கவனித்து, பல ஊர்களில் நட்டுப் பார்த்துக் கழித்துக்கொண்டே போவார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதிர்ஷ்டம் இருந்தால், ஒன்று தேறும். அந்த ஒன்றை வெட்டிக் கரணையாக்கி நடுகிறோம். அதன்பின் உலகில் அந்த ரகம் எத்தனை லட்சம் ஏக்கரில் நின்றாலும் எல்லாம் அதே நாற்றுதான். தட்டில் முளைத்த அந்த ஒற்றைப் புல் எந்த நோயைத் தாங்காதோ அதை அத்தனை லட்சம் ஏக்கரும் தாங்காது.

சுங்கம் எழுப்பிய ஆலைகள்

1932-இல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இறக்குமதிச் சர்க்கரைமீது கனத்த தீர்வை விழுந்தது. அதற்குமுன் நாடு முழுவதும் முப்பது சொச்சமாக இருந்த நவீன ஆலைகள் ஐந்தாறு ஆண்டுகளில் நூற்று முப்பதைத் தாண்டின. பெரும்பாலானவை ஐக்கிய மாகாணத்திலும் பீகாரிலும் எழுந்தன. தீர்வை மட்டும் இந்த ஆலைகளை ஓட வைத்திருக்காது. கோ 205, கோ 213, கோ 290, கோ 312 என்று கோவையிலிருந்து வரிசையாகப் போன ரகங்கள் வயல்களில் தயாராக நின்றதால்தான் ஆலைகளுக்கு அரவைக்குக் கரும்பு கிடைத்தது. 1934-இல் கரும்புக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்க மாகாணங்களுக்கு அதிகாரம் தரும் சட்டமும் வந்தது. ஆலை, அரசு, உழவர் என்ற முக்கோணம் அன்றே உருவாகிவிட்டது.

கோவையின் பெயர் கடல் கடந்தும் போனது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் தோட்டங்களில் கோ 281 பயிரானது. கோவையில் கலந்த விதைப்பஞ்சை அங்கே கொண்டுபோய் முளைக்க வைத்து எடுத்த என்கோ 310 தைவான் வரை பரவி உலகின் பெரும் கரும்புகளில் ஒன்றாயிற்று. 1860 முதல் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போன குடும்பங்கள் வியர்வை சிந்திய மண்ணில், அவர்கள் விட்டுவந்த நாட்டிலிருந்தே கரும்பும் பின்னால் வந்து சேர்ந்தது.

வடக்கில் என்ன ஆயிற்று? கோ 213 நன்றாக விளைந்தது. அதனால் எங்கும் அதையே நட்டார்கள். 1930-களின் இறுதியில் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் செவ்வழுகல் கொள்ளைநோயாகப் பரவியது. கோ 213 சாய்ந்தது. எந்த நோயைத் தாங்கும் கரும்பு தேடப்பட்டதோ அதே நோய் கால் நூற்றாண்டில் திரும்பி வந்து நின்றது. ரகத்தை மாற்றினார்கள். ஒரே ரகத்தை எங்கும் நடும் பழக்கத்தை மாற்றவில்லை.

தெற்கின் கிளை

தெற்கில் கோ 419 நீண்ட காலம் ஆண்டது. தக்காணத்தில் அதுவும் பிறகு கோ 740-உம் பரவியபோதுதான் மகாராஷ்டிரத்தின் கூட்டுறவு ஆலைகள் வளர்ந்தன. அன்றைய அகமத்நகர் மாவட்டம் லோணியில் விட்டல்ராவ் விக்கே பாட்டீல் முன்னின்று, பொருளியலாளர் டி.ஆர். காட்கில் துணைநிற்க உருவான பிரவரா ஆலை 1950-இல் அரவையைத் தொடங்கியது. ஆலை உழவர்களுடையதாகவே இருக்கலாம் என்று நாட்டுக்குக் காட்டியது அது.

தமிழ்நாட்டில் கடலூர் ஆராய்ச்சி நிலையம் தேர்ந்த கோசி 671 அருமையான சர்க்கரைக் கட்டுமானம், அதாவது கரும்பின் எடையில் சர்க்கரையாகத் தேறும் பங்கு, தந்தது. ஆலைகள் அதைக் கொண்டாடின. கடலோர மாவட்டங்களில் அதுவும் செவ்வழுகலுக்கு இரையானது. அதன் பிள்ளைதான் இன்று தமிழ்நாட்டு உழவர் எல்லோரும் எண்ணைச் சொன்னாலே அடையாளம் காணும் கோ 86032. கோ 62198 தாய், கோசி 671 தந்தை. 2000-இல் தென்னிந்தியப் பகுதிக்கு வெளியிடப்பட்டது. மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு எங்கும் அதுவே பரவலானது.

கர்ணாலில் ஒரு நாற்று

இனி நம் கதாநாயகனிடம் வருவோம். ஹரியானாவின் கர்ணாலில் கோவை நிறுவனத்தின் மண்டல மையம் 1932 முதல் இருக்கிறது. கோவையில் கலப்பு, கர்ணாலில் நாற்றுத் தேர்வு என்பது ஏற்பாடு. லக்னோவில் உருவான கோஎல்கே 8102-ஐயும் பழைய கோவைக் கரும்பான கோ 775-ஐயும் கலந்ததில் வந்த நாற்றுகளை பக்ஷி ராம் தலைமையிலான குழு கர்ணாலில் வளர்த்துத் தேர்ந்தது. 'கரண் 4' என்ற பெயரோடு கோ 0238 வடமேற்கு மண்டலத்துக்கு 2009-இல் வெளியிடப்பட்டது. பின்னாளில் பக்ஷி ராமுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கவனிக்க வேண்டிய உறவு ஒன்று இதில் உண்டு. கோசி 671-இன் தந்தையும் அதே கோ 775 தான். அதாவது வடக்கை ஆண்ட கோ 0238-க்குக் கோ 775 தந்தை. தெற்கை ஆளும் கோ 86032-க்குப் பாட்டன். விந்தியத்தின் இருபுறமும் நாடு நம்பியிருந்தது ஒரே வீட்டு இரத்தத்தை.

கோ 0238 ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது? அதுவரை கரும்பில் ஒரு தகராறு இருந்தது. எடை கூடினால் இனிப்பு குறையும், இனிப்பு கூடினால் எடை குறையும். உத்தரப் பிரதேசத்து உழவருக்கு எடைதான் பணம். ஆலைக்குக் கட்டுமானம்தான் பணம். ஆலை விரும்பும் கரும்பை உழவர் விரும்பமாட்டார். கோ 0238 இரண்டையும் சேர்த்துத் தந்தது. சீக்கிரம் முதிர்ந்தது, மறுதாம்பும் நன்றாக வந்தது. ஆலை அலுவலர்களே விதைக்கரணையை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஒன்பது சதவீதத்தை ஒட்டியிருந்த மாநிலத்தின் சர்க்கரைக் கட்டுமானம் பத்தே ஆண்டுகளுக்குள் பதினொன்றைத் தாண்டியது. ஹெக்டேருக்கு 60 டன்னை ஒட்டியிருந்த விளைச்சல் 80 டன்னை எட்டியது. 2012-13-இல் ஏறத்தாழ 75 லட்சம் டன் சர்க்கரை செய்த உத்தரப் பிரதேசம் 2017-18-இல் ஏறத்தாழ 120 லட்சம் டன் செய்தது. மகாராஷ்டிரத்தை முந்தி நாட்டின் முதலிடத்தையும் பிடித்தது.

மிகுதி தந்த துன்பம்

விளைச்சல் கூடினால் உழவர் செழிக்க வேண்டும். சர்க்கரையில் அது நடக்கவில்லை. 2017-18-இல் நாடு சாப்பிடுவதைவிட மிகக் கூடுதலாகச் சர்க்கரை குவிந்தது. ஆலை வாசல் விலை சரிந்தது. 2018 கோடையில் ஆலைகள் உழவர்களுக்குக் கொடுக்க வேண்டிய நிலுவை 20,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு வந்த 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்க்க வேண்டும் என்கிறது. நிலுவைப் பணத்துக்கே மாதக்கணக்கில் நடையாய் நடந்தவர்களுக்கு அந்த வட்டி ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது.

அரசு ஒவ்வொன்றாகக் கதவுகளைத் திறந்தது. 2018 ஜூனில் சர்க்கரைக்குக் கிலோ 29 ரூபாய் என்று குறைந்தபட்ச விற்பனை விலை வைத்தது. 2019 பிப்ரவரியில் அதை 31 ஆக்கியது. ஏற்றுமதிக்கு உதவித்தொகை கொடுத்தது. பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா மூன்றும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. 2021 டிசம்பரில் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது. 2021-22-இல் இந்தியா பிரேசிலை முந்தி உலகிலேயே அதிகச் சர்க்கரை செய்த நாடானது. அந்தப் பருவத்தில் 100 லட்சம் டன்னுக்கு மேல் வெளிநாடு போயிற்று.

இவற்றில் பெரிய கதவு எத்தனால். 2018-இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, கழிவுப்பாகிலிருந்து மட்டுமின்றிக் கரும்புச் சாற்றிலிருந்தும் நேரடியாக எத்தனால் எடுக்க வழிவிட்டது. ஒரு டன் கரும்பின் சாறு சுமார் 70 லிட்டர் எத்தனால் தரும். எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும், பணமும் விரைவில் வரும். 2022 ஜூனில் பெட்ரோலில் 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 2030-க்கு வைத்த 20 சதவீத இலக்கு முன்னுக்கு இழுக்கப்பட்டு 2025-இல் எட்டப்பட்டது.

ஆனால் எத்தனாலும் வானத்தைப் பார்த்தே நிற்கிறது. 2023-இல் பருவமழை குறைந்தது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் கரும்பு வாடியது. டிசம்பரில் மத்திய அரசு சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை ஒரே உத்தரவில் கட்டுப்படுத்தியது, ஏற்றுமதி அதற்கு முன்பே நின்றிருந்தது. கோடிக்கணக்கில் கடன் வாங்கி வடிசாலை கட்டிய ஆலைகள் திகைத்தன. அந்த இடைவெளியில் மக்காச்சோளம் எத்தனாலின் முதல் மூலப்பொருளாக முன்னேறிவிட்டது. அடுத்த ஆகஸ்டில் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. பத்தாண்டு முதலீட்டை ஆறு மாதக் கணக்கில் மாறும் உத்தரவுகளோடு பூட்டி ஓட்ட முடியாது.

விலைக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 2018-19-இல் மத்திய அரசின் நியாயமான, ஆதாய விலை 10 சதவீதக் கட்டுமானத்துக்குக் குவிண்டால் 275 ரூபாய். ஒரு டன் கரும்பு 2,750 ரூபாய். அதிலிருந்து கிடைக்கும் 100 கிலோ சர்க்கரைக்கு 31 ரூபாய் வீதம் 3,100 ரூபாய். 2025-26-இல் 10.25 சதவீதக் கட்டுமானத்துக்கு 355 ரூபாய். ஒரு டன் கரும்பு 3,550. அதில் கிடைக்கும் 102.5 கிலோ சர்க்கரைக்கு அதே 31 ரூபாய் வீதம் 3,177 ரூபாய் 50 காசு. கரும்பின் விலை ஏறிக்கொண்டே வந்தது. 2019-இல் வைத்த 31 ரூபாய் ஆறு ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை. சந்தை விலை இதைவிட மேலே இருக்கும்வரை பிரச்சினை மறைந்திருக்கும். சக்கையில் மின்சாரமும் கழிவுப்பாகில் எத்தனாலும் கொஞ்சம் ஈடுகட்டும். இன்னொரு மிகுதிப் பருவம் வந்து விலை அந்தத் தரைக்கு இறங்கினால், மறுபடியும் நிலுவையில் நிற்கப்போவது உழவர்தான்.

செவ்வழுகல் திரும்பிய கதை

இந்தக் கணக்கெல்லாம் டெல்லியில் ஓடிக்கொண்டிருந்தபோது வயலில் வேறொன்று நடந்தது. கோ 0238 வெளியிடப்பட்டபோது செவ்வழுகலை ஓரளவு தாங்கும் ரகம்தான். ஆனால் எங்கும் ஒரே கரும்பு நிற்கும்போது நோயைத் தரும் பூஞ்சைக்கும் ஒரே வேலைதான். அந்த ஒன்றை உடைக்கக் கற்றுக்கொண்ட கிருமிக்கு அத்தனை வயலும் திறந்துவிடும். அப்படியே சிஎஃப் 13 என்று அறிவியலாளர்கள் பெயரிட்ட புதிய நோய்க்கிருமி வகை தோன்றியது. வடமேற்கு மண்டலத்துக்கென்று பரிந்துரைத்த ரகம், செவ்வழுகல் காலங்காலமாகக் குடியிருக்கும் கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் பரவியிருந்தது. தண்ணீர் தேங்கும் பள்ளக்காடுகளிலும் அதையே நட்டார்கள். 2010-களின் பிற்பகுதியில் நோய் தலைகாட்டியது. அடுத்த சில பருவங்களில் மாவட்டம் மாவட்டமாகப் பரவியது.

நோய் வந்த கரும்பை முதலில் இலைதான் காட்டிக்கொடுக்கும். மேலிருந்து மூன்றாவது, நான்காவது இலை ஓரத்தில் மஞ்சளாகி வாடும். பிறகு தோகை முழுதும் காயும். அந்தக் கரும்பைப் பிடுங்கி நெடுக்காகப் பிளந்தால் உள்ளே சதை சிவந்திருக்கும். சிவப்பின் குறுக்கே இடையிடையே வெண்திட்டுகள் ஓடும். மூக்கருகே கொண்டுபோனால் புளித்த கள் வாடை வரும். இனிப்பு முழுவதும் நோய்க்குப் போய்விட்டது என்பதற்கு அந்த வாடையே சாட்சி. மருந்து தெளித்து அந்தக் கரும்பைக் காப்பாற்ற முடியாது. பிடுங்கி எரிக்க வேண்டும். அந்த நிலத்தில் நெல்லோ வேறு பயிரோ மாற்றிப் போட வேண்டும்.

நோயைப் பரப்புவதில் காற்றுக்கும் தண்ணீருக்கும் பங்கு உண்டு, பெரும்பங்கு கரணைக்கு. பக்கத்து வயலில் பச்சையாகத் தெரியும் கரும்பை வெட்டி நடுகிறோம். உள்ளே நோய் உறங்கிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்தே நடுகிறோம். மறுதாம்பு விட்டால் நோய்க்கு இரண்டாவது ஆண்டு வாடகை இல்லாத வீடு. கோ 0238-ஐக் குறைத்து கோ 0118, கோ 15023 போன்ற ரகங்களுக்கு மாறும்படி மாநில அரசு சொல்லத் தொடங்கியது. பல லட்சம் ஹெக்டேருக்கு வேண்டிய புதிய கரணை ஒரே பருவத்தில் எங்கிருந்து வரும்? ஒரு கரும்பிலிருந்து ஆண்டுக்குப் பத்து மடங்கு போல்தான் விதைக்கரணை பெருகும். மாற வேண்டிய காலத்தில் மாறாதவருக்கு மாற நினைத்தபோது கரணை கிடைக்கவில்லை.

இப்படியாக, நாட்டின் சர்க்கரையை உச்சத்துக்குக் கொண்டுபோன அந்த நாற்று நூற்றாண்டுக்கு முந்திய தன் முப்பாட்டனாரின் நோயிலேயே சரிந்தது. நோயைத் தாங்கும் கரும்புக்கான தேடல் தொடங்கிய காரணம், கோ 213 வீழ்ந்த காரணம், கோசி 671 ஒதுங்கிய காரணம், கோ 0238 சாய்ந்த காரணம் எல்லாம் ஒன்றே.

நம் வயலுக்கும் இந்தப் பாடம்

வடக்கின் கதை என்று தமிழ்நாடு இதைத் தள்ளிவைக்க முடியாது. 2011-12-இல் தமிழக ஆலைகள் சுமார் 24 லட்சம் டன் சர்க்கரை செய்தன. 2019-20-இல் அது 8 லட்சம் டன் அளவுக்கு இறங்கியது. தொடர் வறட்சி முதல் காரணம். நிலுவை உழவரை விரட்டியது. வெட்டாள் கிடைக்காமலும் வெட்டுக்கூலி கட்டுப்படியாகாமலும் பலர் கரும்பையே கைவிட்டார்கள். ஆலையின் கட்டிங் ஆர்டருக்குக் காத்திருந்து காத்திருந்து கரும்பு பூத்து, எடையும் இனிப்பும் போன கதையை எந்தக் கரும்பு ஊரிலும் கேட்கலாம். இத்தனைக்கும் நடுவே கோ 86032 கால் நூற்றாண்டாகக் கரணையிலிருந்து கரணையாகப் பெருகி வருகிறது. மஞ்சள் இலை நோய் போன்ற வைரஸ்கள் தலைமுறைக்குத் தலைமுறை சேர்ந்து அதன் வீரியத்தைத் தின்கின்றன. கோ 11015 போன்ற புதிய ரகங்கள் இப்போது அதற்கு மாற்றாக வந்திருக்கின்றன.

தண்ணீர்க் கணக்கும் கடுமையானது. ஒரு கிலோ சர்க்கரைக்கு 1,600 முதல் 2,000 லிட்டர் தண்ணீர் என்றும், கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் என்றும் நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே சொல்கிறது. நிலத்தடி நீர் வறண்ட மாவட்டத்தில் வாய்க்கால் பாய்ச்சலில் கரும்பை வளர்த்து அதைப் பெட்ரோலில் ஊற்றுவது நாட்டுக்குக் கட்டுப்படியாகாது. அகன்ற பாரில் ஒருபரு நாற்று நட்டுச் சொட்டுநீர் கொடுத்தால் விதைக்கரணையும் தண்ணீரும் பெருமளவு மிச்சமாகும் என்பதை நம் உழவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். அதைப் பரப்ப வேண்டிய கடமை ஆலைக்கும் அரசுக்கும் உண்டு.

தேசிய உத்தி என்று எதையாவது வகுப்பதானால் அது வயலிலிருந்து தொடங்கட்டும். எந்த ஆலைப் பகுதியிலும் எந்த ஒரு ரகமும் பாதிப் பரப்பைத் தாண்டக் கூடாது என்பது முதல் விதியாகட்டும். எவ்வளவு நல்ல ரகமானாலும் இதில் விலக்கு வேண்டாம். வல்லுநர் விதை, ஆதார விதை, வணிக விதை என்ற மூன்றடுக்கு விதைப்பண்ணை பல ஆலைகளில் ஏட்டில் மட்டும் இருக்கிறது. அதை நிலத்துக்குக் கொண்டுவந்து, நீராவிச் சிகிச்சை செய்த கரணையை உழவர் வாசலில் இறக்கட்டும். காட்டுக்கரும்பையும் உலகின் பல நாட்டுக் கரும்புகளையும் காத்துவரும் கண்ணூர் சேகரிப்பு, உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. கோ 205-ஐத் தந்ததைப்போல் இன்னொரு புதிய இரத்தம் அங்கிருந்துதான் வர வேண்டும். அதற்கான பணம் ஆண்டு வரவுசெலவில் கடைசிப் பத்தியில் நிற்கக் கூடாது. கரும்பு விலையும் சர்க்கரையின் தரைவிலையும் எத்தனால் விலையும் ஒரே கணக்கில் சேர்ந்து நகரட்டும். எத்தனால் கொள்கையை ஐந்து ஆண்டுக்கு முன்கூட்டியே சொல்லட்டும். கரும்பு எடைமேடையைக் கடந்த 14-ஆம் நாள் பணம் உழவரின் கணக்கில் விழட்டும். 1966-ஆம் ஆண்டின் ஆணையை அதில் எழுதியபடியே நிறைவேற்றினாலே நாட்டுக் கரும்பின் பாதித் துயரம் தீரும்.

இதைப் படிக்கும் உழவருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பட்டத்துக்கு ஐந்து ஏக்கர் நடுவதாக இருந்தால் குறைந்தது இரண்டு ரகம் நடுங்கள். கரணை வாங்கும்முன் நாலைந்து கரும்பை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். ஒன்றில் சிவப்பு தெரிந்தாலும் அந்த வயலின் கரணை வேண்டாம்.